மருதமுத்துவின் மூக்கு

மருதமுத்து அண்ணாச்சி மாவு வாளியின் மூடியைத் தூக்கி, முகத்தை உள்ளே விட்டுக் கண்ணை மூடுகிறார். "இன்னும் அரை மணி கெடக்கட்டும்" என்று மூடிவிடுகிறார். விரல் விட்டுப் பார்ப்பது, நாக்கில் வைத்துப் பார்ப்பது எல்லாம் அவரிடம் இல்லை. மழைக்காலத்தில் மாவு வாளியை விட்டு வழிந்து ஓடும். ஜனவரியில் என்ன போர்த்தினாலும் பொங்காது. இரண்டு காலத்திலும் அவர் மூக்கு சொன்னதே கணக்கு. பதினோரு வருடமாக அவர் கடையில் மாவுப் பாக்கெட் போடுகிறேன். அந்த மூக்கு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

கடை லேக் கார்டன்ஸ் சந்தையை ஒட்டி இருக்கிறது. பின்னாலேயே வீடு. இட்லி மாவு, அப்பளம், காப்பிப் பொடி, வெள்ளிக்கிழமையானால் வாழை இலை. வங்காளிப் பிள்ளைகள் அவரை 'இட்லி காக்கு', அதாவது இட்லிச் சித்தப்பா, என்பார்கள். ஐம்பத்தெட்டு வயது, கட்டம் போட்ட கைலி, காதோரம் எப்போதும் கொஞ்சம் உளுந்து மாவு. பிறந்தது கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில். பேச்சு மட்டும் இன்னும் திருநெல்வேலி.

இருமல் மருந்து குடிக்க மாட்டார். மாடி வீட்டு வங்காளிக் கிழவி, எல்லோருக்கும் மாசிமா, ஒருமுறை சளிக்கு ஹோமியோபதிச் சொட்டு மருந்து கொடுத்தாள். மூடியைத் திறந்து முகர்ந்தவர் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு எங்களிடம், "சாராயத்துல முக்கி எடுத்திருக்கான்" என்றார். காரணம் கேட்டால் மறைப்பதில்லை. அப்பா குடித்தே வேலையை இழந்தார். தம்பி சிவராஜ் நாற்பத்தொரு வயதில் ஈரல் கெட்டுச் செத்துப்போனான். "எங்க வீட்டு ஆம்பளைக ரத்தத்துல அது இருக்கு தங்கச்சி. ஒரு சொட்டு தொட்டாலும் நான் காலி."

அதனால்தான் அந்த வாசல் சோதனை. மகன் பிரவீண் பதினாறு வயதிலிருந்து, வெளியே போய் வந்தால் அப்பா முகத்தில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இப்போது அவனுக்கு இருபத்தொன்பது. தாடி வைத்திருக்கிறான், பவானிபூரில் ஆபீஸ் வேலை.

"ஏல, ஊது."

"ஹா... ரோல் சாப்பிட்டேம்ப்பா. பாஸா, ஃபெயிலா?"

"முட்டை, வெங்காயம். பாஸ். போ."

உள்ளேயிருந்து அவர் மனைவி செல்வராணி அக்கா சத்தம் கொடுப்பாள். "கல்யாணத்தன்னிக்கு மணமேடையிலயும் ஊதச் சொல்லுங்க. பொண்ணு வீட்டுக்காரங்க பாத்துச் சிரிக்கட்டும்."

மகள் தாரா அண்ணனுக்குப் பின்னால் வருவாள். டாலிகஞ்சில் ஒரு சினிமா ஸ்டுடியோவில் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவளைக் கண்டதும் அண்ணாச்சி எழுந்து போய்ப் பையை வாங்கிக்கொள்வார். அவள் வாயில் எப்போதும் சோம்பு இருக்கும். "எம் பிள்ளை பக்கத்துல வந்தாலே மணக்கும்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொள்வார்.

இரண்டு வருடமாக அவள் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. லீவு நாளில் மத்தியானம் வரை சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். செல்போனைப் பார்த்துப் பார்த்து வந்த சோம்பேறித்தனம் என்றாள் செல்வராணி அக்கா. அண்ணாச்சி அதை ஒப்புக்கொள்ளவில்லை. "எங்கம்மா சுப்பம்மாளும் இப்படித்தான் படுப்பா. வாரக்கணக்குல பேச மாட்டா. பொம்பளைகளுக்கு வர்ற அசதி. தானா எந்திரிச்சிரும்." குடிக்கு அந்த வீட்டில் எத்தனையோ பெயர்கள் இருந்தன. இதற்கு 'அசதி' என்ற ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்திருந்தது. காலையில் காப்பி எடுக்க என்னைத் தாண்டிப் போகும்போது, சோம்புக்கு அடியில் வேறொரு வாசனை வரும். அது மாவு இல்லை. முதலாளி வீட்டு விஷயம், ஏழாவதோடு நின்ற நான் என்ன சொல்வது என்று பாக்கெட்டுகளுக்கு ரப்பர் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று வாயைத் திறந்திருக்கலாம்.

துர்கா பூஜை முடிந்த வாரம் தாரா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் குளியலறையில் விழுந்து கிடந்தாள். டாக்சியில் நானும் போனேன். டாக்டர் ஒரு வங்காளிப் பெண். குடும்பத்தில் யாருக்காவது குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டாள். அண்ணாச்சி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல அப்பா, சித்தப்பா, தம்பி என்று வரிசையாகச் சொன்னார். பெண்கள் யாரும் தொட்டதில்லை என்று அழுத்திச் சொன்னார்.

"பெண்களில் யாராவது நாள்கணக்கில் பேசாமல் படுத்திருந்தார்களா?"

டாக்டர் மறுபடி கேட்டாள். "அம்மா" என்றார் அண்ணாச்சி.

டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். மனச்சோர்வுக்கும் குடிக்கும் ஒரு பங்கு வம்சத்தில் வரலாம். ஒருவருக்கு ஒன்றாக, இன்னொருவருக்கு மற்றதாக, சிலருக்கு இரண்டுமாக. ஆணுக்கு ஒரு மாதிரியும் பெண்ணுக்கு வேறு மாதிரியும் தெரியலாம். வம்சத்தில் இருக்கிற எல்லோருக்கும் வந்தே தீரும் என்பதும் இல்லை. தாராவுக்குச் சோர்வு முதலில் வந்திருக்கிறது, அதைத் தாங்க முடியாமல் தனியாகக் குடித்திருக்கிறாள், இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

அண்ணாச்சி டாக்டரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "காலையில அவ கிட்ட வந்தா ஒரு புளிப்பு அடிக்கும், தங்கச்சி. எங் கையில இருக்க மாவுன்னு நெனச்சிட்டேன்." சொல்லிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிய அந்த விரல்களை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

தாரா இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த நாட்களில் அவர் வாளியைத் திறப்பார், குனிவார், பாதியில் நிமிர்ந்து, "நீயே பாத்துக்கோ" என்று நகர்ந்துவிடுவார். எனக்கு அந்த மூக்கு இல்லை. இரண்டு வாளி புளித்துப் போயிற்று.

நேற்று நாலு மணிக்கு அவளை அழைத்துவந்தார்கள். பிரவீண் இரண்டு கையிலும் பையோடு முன்னால் வந்தவன், பழக்கத்தில் அப்பா முகத்தில் 'ஹா' என்று ஊதினான். யாரும் சிரிக்கவில்லை. அவனே தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

தாரா வாசலிலேயே நின்றுவிட்டாள். கழுத்தெலும்பு தெரிந்தது. வாயில் சோம்பு இல்லை. "எனக்கும் பாருங்கப்பா" என்று முகத்தை உயர்த்தி வாயைத் திறந்தாள்.

அண்ணாச்சி அவள் அருகில் போனார். நான் கையிலிருந்த பாக்கெட்டைக் கீழே வைத்தேன். அவர் நெஞ்சு எழும்பவில்லை, இறங்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.