எண்ணெய் வேண்டாமென்ற மாப்பிள்ளை

தலை தீபாவளி நெருக்கத்தில் போய் டாட்டூ குத்திக்கொள்கிற புத்தி எனக்குத்தான் வரும். பெண்டாட்டி முன்னாலேயே கங்காதர நெல்லூரில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நான் ஸ்ரீ சிட்டியில் ஷிஃப்ட் முடிந்து திருப்பதி ரூமுக்குத் திரும்புகிற வழியில், அவள் பெயரை வலது தோளுக்குக் கீழே குத்திக்கொண்டேன். காட்டினால் அசந்துபோவாள் என்று நினைப்பு.

டாட்டூ கடைக்காரன் படித்துப் படித்துச் சொன்னான். "குளிக்கசொல்ல ஜாக்கிரதை பிரதர். சுடுதண்ணி வேணாம். எண்ணெ, சீயக்கா கிட்டயே போவாத. லேசா தண்ணி ஊத்திக்கினு, சுத்தமான துணியால ஒத்தி எடு." பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். தலை தீபாவளி என்றாலே எண்ணெய்க் குளியல்தான் என்பது இந்த மரமண்டைக்கு ஏறவே இல்லை.

தீபாவளி விடிகாலையில் மனை போட்டு, நல்லெண்ணெய் காய்ச்சி வைத்துக்கொண்டு மாமியார் கூப்பிட்டார். "சட்டையக் கழட்டிட்டு வந்து குந்துங்க மாப்ளே." சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். இத்தனை பேர் முன்னால், அதுவும் மாமனார் எதிரில், பெண்டாட்டி பெயரைக் காட்டிக்கொண்டு உட்காருவதா? மானம் போய்விடும்.

"எனக்கு எண்ணெ வேணாம் அத்தே."

"தலையில ஒரு சொட்டாச்சும் வெச்சுக்குங்க."

ஒரு சொட்டில் ஆரம்பித்தால் சட்டையில்தான் போய் முடியும். "வேணாம்னா வேணாம்."

சாவு விழுந்த வீட்டில்தான் தீபாவளியன்று எண்ணெய் வைக்க மாட்டார்கள். பெண்டாட்டி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பாத்ரூமுக்குள் நுழைந்து தாழ் போட்டேன். பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி வலது கையை நீட்டிக்கொண்டு, இடது கையால் மொண்டு ஊற்றினேன். சுடுதண்ணீர் தெறித்த இடமெல்லாம் எரிந்தது. வெளியே மாமியாரின் குசுகுசுப்பு கேட்டது.

"மோதிரம் போடலன்னு முறுக்கிக்கினு கீறாரு."

"பொங்கலுக்குப் போடறேன்னு சொன்னனே" என்றார் மாமனார்.

"சொன்னா ஆச்சா? நம்ம பொண்ணு அங்க போயி வாழ வேணாமா?"

பிறகு மாமனார், "அந்தத் துணி சோப்ப எடு" என்றார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. தோளில் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

அவர் எதிரிலேயே நின்றிருந்தார். விரல் சிவந்து வீங்கியிருந்தது. உள்ளங்கையில் சோப்பு நுரையோடு அவருடைய மோதிரம்.

"பழசுதான் மாப்ளே. பொங்கலுக்குப் புதுசு பண்ணிர்றேன். எண்ணெ மட்டும் வெச்சுக்குங்க. பொண்ணு அழுதுக்கினு கீது."

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். துண்டை எடுத்தேன். தோல் உரிந்து, செக்கச் செவேலென்று இருந்த எழுத்துகளை அவர் கூட்டிக் கூட்டிப் படித்தார். அவர் வைத்த பெயர்தான்.

"இதுக்கா?" என்றார். அவ்வளவுதான்.

மோதிரத்தைத் திரும்ப மாட்டப் பார்த்தார். வீங்கின விரலில் ஏறவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என்னை மனையில் உட்கார வைத்து, எண்ணெய்க் கிண்ணத்தை அவரே வாங்கினார். ஒரு கையால் டாட்டூமேல் சொட்டாமல் தடுத்துக்கொண்டு, மோதிரம் இல்லாத அந்தக் கையால் என் தலையில் எண்ணெய் தேய்த்தார்.