நான் பார்க்காத விபத்து

தீவிலுள்ள கெலுகோரிலிருந்து கடற்பாலம் கடந்து, அக்கரையில் இருக்கும் புக்கிட் தெங்காவுக்குப் போகும் எங்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறியதும் நான் தூங்கிவிடுவேன். ஆறு வருடப் பழக்கம்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, கூட வேலை செய்யும் அக்கா கைப்பேசியை நீட்டினார். காலையில் மோட்டார் சைக்கிளில் போன ஒருவரை இடித்துவிட்டு ஒரு தொழிற்சாலைப் பேருந்து நிற்காமல் போய்விட்டதாம். அடிபட்டவர் மருத்துவமனையில். படத்தில் இருந்தது எங்கள் பேருந்து.

எங்கள் பிரிவில் அந்தப் பேருந்தில் வருபவள் நான் மட்டும்தான். எல்லோரும் என்னையே கேட்டார்கள். ஏதோ குலுங்கியது போல இருந்தது என்றேன். ஓட்டுநர் அண்ணன் எப்போதும் கொஞ்சம் வேகம்தான் என்றும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அந்தக் குலுக்கல் எனக்கே நன்றாக நினைவிருந்தது. சத்தம்கூடக் கேட்டதாகத் தோன்றியது. எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டு, இவரையெல்லாம் உள்ளே போடவேண்டும் என்று எழுதினேன்.

இரண்டு நாளில் போலீஸ் வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டது. நான் சொன்னது அங்கேயும் போயிருந்தது.

போலீஸ் நிலையத்தில் ஓட்டுநர் அண்ணன் சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"தங்கச்சி, நீ முழிச்சிருந்தியாமே. நல்லதாப் போச்சு. பின்னால ஒருத்தர் விழுந்ததே எனக்கு நியூஸ் பாத்துதான்லா தெரியும். நியூஸ் போடறதுக்கு முன்னால என்கிட்ட யாருமே கேக்கல."

உள்ளே அதிகாரி மலாயில் கேட்டார்: பார்த்தீர்களா? இல்லை. சத்தம் கேட்டதா? கேட்டது என்றால் அண்ணன் கதை முடிந்தது. தூங்கிவிட்டேன் என்றேன். பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றார். தூங்கினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அடுத்த வாரம், பின்னால் வந்த ஒரு காரின் கேமராப் பதிவு கிடைத்தது. இடித்தது ஒரு லாரி. எங்கள் பேருந்து வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அண்ணனை விட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி என் கண்ணில் எங்கும் படவில்லை. நடந்ததைக் குழுவில் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் யாரோ, லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கேட்டார்கள்.

அவர் வேலைக்குத் திரும்பிய நாள், பேருந்துப் படியில் நின்றே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். குழுவில் எழுதியதையும் மறைக்கவில்லை. சாலையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் மக ஸ்கூலுக்குப் போகமாட்டேங்குது. கூடப் படிக்கிறதுங்க என்னைப் பத்தி ஏதோ சொல்லுதுங்களாம்," என்றார். "ஏறி உக்காரும்மா. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."