இறக்கம் உள்ள வீடு

குவாரி லாரிகள் சமதரையில் நிற்பதில்லை. கள்ளக்குறிச்சிக்கு வேலைக்கு வந்த புதிதில் நான் கவனித்த முதல் விஷயம் இதுதான். கடைவீதி அகலமாகக் கிடக்கும். லாரிகளோ ஊருக்கு வெளியே ஏரிக்கரைச் சரிவில் வரிசையாக மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும்.

எல்லாம் பழைய மூக்கு லாரிகள். வேறு ஊர்களில் உழைத்துத் தேய்ந்த பிறகு கல் சுமக்க வந்தவை. பேட்டரி இருக்கும் வண்டியில் செல்ப் எடுக்காது. செல்ப் எடுக்கும் வண்டியில் பேட்டரி இருக்காது. அதனால் சரிவில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்து வைப்பார்கள். கிளம்பும்போது கிளீனர் கல்லை உருவுவார். வண்டி தானாக உருளும். வேகம் பிடித்ததும் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால், எஞ்சின் இருமிக்கொண்டு எழும்.

இறக்கம் என்ற சொல்லுக்கு அந்த டிரைவர்களிடம் தனி மதிப்பு இருந்தது. எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று கேட்டால், எந்தக் கடை முன்னால் இறக்கம் இருக்கிறது என்று சொல்வார்கள். மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு ரோடு வேலைக்கு ஜல்லி ஏற்றிப் போவது கடினமான நடை. எஞ்சின் கொதித்து நிற்கும் ஒவ்வொரு வளைவிலும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆனாலும் அந்த நடைக்குப் போட்டி இருந்தது. மலையில் எங்கே நிறுத்தினாலும் இறக்கம்தான்.

எனக்குப் பழக்கமான டிரைவர் வடக்கனந்தல் பக்கத்துக்காரர். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அவருடைய கிளீனர் அவருடைய சொந்தச் சித்தப்பா. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்வரை "ஏறிக்க, எறங்கிக்க" என்று சித்தப்பாவை அதட்டும் டிரைவர், வண்டியை விட்டு இறங்கியதும் அவர் எதிரில் பீடி பற்றவைக்க மாட்டார்.

லாரி டிரைவருக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. ஊருக்கு ஒரு வீடு வைத்திருப்பார்கள் என்ற பேச்சு இருந்தது. கடைசியில் ஒரு தரகர் மணலூர்பேட்டையில் ஓர் இடம் கொண்டுவந்தார். பெண்ணின் தகப்பனார் ஆற்றோரத்தில் குத்தகைக்குக் கரும்பு போட்டவர். தரகர் பெண்ணின் குணத்தைச் சொன்னார், படிப்பைச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டிரைவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த வூட்டாண்ட இறக்கம் இருக்குதுங்களா?"

லாரியில்தான் போய்வர வேண்டியிருக்கும் என்பது அவர் கணக்கு. அந்தப் பக்கத்துப் பேச்சில் வல்லின றகரமும் இடையின ரகரமும் ஒன்றாகத்தான் ஒலிக்கும். தரகர் காதில் அது இரக்கம் என்று விழுந்தது. அவர் நேராக மணலூர்பேட்டைக்குப் போய், பையன் நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை, வீட்டில் இரக்கம் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டான் என்று சொல்லிவிட்டார். தகப்பனார் கண் கலங்கிப்போனாராம். அப்படிப்பட்ட பிள்ளையை நேரில் பார்த்துத்தான் தட்டு மாற்றுவேன், ஆவணிக்குள் வரச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார். புரட்டாசியில் அந்த வீட்டில் நல்ல காரியம் செய்வதில்லை.

விஷயம் தெரிந்ததும் டிரைவர் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றார். சித்தப்பா தடுத்தார். "நீ இன்னா பொய்யா சொன்ன? அவங்களா நெனச்சிக்கினாங்க. தாலி கட்டுற வரைக்கும் வாயத் தொறக்காத."

ஆவணியின் கடைசி நாள். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. முதல் நாளே டிரைவரின் அம்மாவும் உறவினர்களும் பஸ்ஸில் போய்விட்டார்கள். அன்று காலை பஸ் ஓடவில்லை. குவாரி முதலாளி வெறும் லாரியைக் கொடுத்தார். சாலை நிலவரத்தைப் பார்த்துப் பத்திரிகைக்கு எழுத வேண்டியிருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன்.

தியாகதுருகம் தாண்டியதும் மறியலுக்காக வெட்டிச் சாய்த்த ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. இலை வாடவில்லை. சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர். ஒருவர் வந்து எஞ்சினை அணைக்கச் சொன்னார். அணைத்தால் இனி எடுக்காது என்றார் டிரைவர். வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியுமாக ஒருவர் கல் லாரி ஓட்டுவது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. சித்தப்பா இறங்கிப் போய், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எங்கே தட்டு மாற்றப் போகிறோம் என்று சொன்னார். விசாரித்ததில் கூட்டத்தில் இரண்டு பேர் தூரத்துப் பங்காளிகள்.

"பொண்ணு வூட்டுக்கு லாரியிலயா போற?" என்றார் ஒருவர். "சீர எல்லாம் ஒரே நடையில ஏத்திக்கினு வந்துடலாம்னா?"

சிரித்துக்கொண்டே நுனிக் கிளைகளை வெட்டி இழுத்தார்கள். வண்டி ஒரு பக்கச் சக்கரம் வயலில் இறங்கி ஏறி அந்தப் பக்கம் போனது.

பெண் வீட்டுத் தெரு ஆற்றை ஒட்டியது. களத்துமேடு போல் சமமாக இருந்தது. டிரைவர் வண்டியைப் பந்தலுக்கு எதிரே நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கினார். பந்தலுக்குள் புகை வந்தது. நாதஸ்வரம் இல்லாத குறையை எஞ்சின் தீர்த்தது. உள்ளே பேசியது ஒருவர் காதிலும் விழவில்லை.

பெண்ணின் தகப்பனார் வாசலுக்கு வந்து கைகூப்பினார். மெலிந்த மனிதர். வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு வரலாமே என்றார். டிரைவருக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பதற்றத்தில், சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று உரக்கச் சொன்னார்:

"ஆஃப் பண்ண முடியாதுங்க மாமா. இங்க இறக்கமே இல்லீங்க."

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தகப்பனாரின் கை கூப்பியபடியே நின்றது. தரகர் துண்டால் முகத்தைத் துடைத்தார். சித்தப்பா முந்திக்கொண்டு செல்ப் எடுக்காததையும், சரிவில் உருட்டி எடுப்பதையும் கையால் காட்டி விளக்கத் தொடங்கினார். தகப்பனார் முழுவதும் கேட்டார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு தரகர்கிட்ட கேட்டதும் இதத்தானுங்களா?"

சித்தப்பா கண்ணால் ஜாடை காட்டினார். டிரைவர் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் விட்டுவிட்டார்.

"ஆமாங்க. ரோட்டத்தான் கேட்டேன். வேற எதுவும் கேக்கணும்னு தோணலீங்க."

டிரைவரின் அம்மா தாம்பாளத்தை மடியோடு இறுக்கிக்கொண்டார். உள்ளறையில் யாரோ அடக்கிவைத்த சிரிப்பு எஞ்சின் சத்தத்தையும் மீறி வெடித்தது. கூடவே மற்றப் பெண்களின் சிரிப்பும். முதலில் சிரித்தது கல்யாணப் பெண்தான் என்று பிறகு தெரிந்தது. தகப்பனார் சிரிக்கவில்லை. லாரியை ஒருமுறை முன்னிருந்து பின்வரை பார்த்தார். தெருவில் நின்ற ஆட்களையும் பார்த்தார், எத்தனை பேர் தேறுவார்கள் என்று எடைபோடுவதுபோல.

"ஆஃப் பண்ணிட்டு வாங்க மாப்ள," என்றார். "போறப்ப நாங்க தள்ளி வுடுறோம்."

டிரைவர் ஏறி எஞ்சினை நிறுத்தினார். திடீரென்று தெரு அமைதியானது; எல்லோரும் கொஞ்சம் கூச்சப்பட்டதுபோல் இருந்தது. பொழுது சாய்வதற்குள் தட்டு மாற்றினார்கள்.

கிளம்பும்போது பெண் வீட்டார் இருபது பேர் பின்னால் கைவைத்தார்கள். நானும் ஓர் ஓரத்தைப் பிடித்தேன். முதல் தள்ளில் அசையவில்லை. இரண்டாவதில் கியர் விழவில்லை. மூன்றாவது முறை எஞ்சின் பிடித்ததும் கரும்புகை பீறிட்டு, பெண்ணின் தகப்பனாருடைய புதுச் சட்டையை மார்பு வரை கருப்பாக்கியது. அவர் அதைத் தட்டிவிடாமல், நிறுத்தாதீங்க மாப்ள, அப்படியே போங்க என்று கத்திக்கொண்டு தெருமுனை வரை கூடவே ஓடினார்.