வல்லாரைச் சாறும் அம்மாவின் பேச்சும்

எங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. வேறு யாருக்கு வந்திருந்தாலும் நம்பியிருப்பேன். மலாய்க்காரர்கள் பெகாகா என்று சொல்லும் வல்லாரையை எங்களைப் போல் தின்று தீர்த்த குடும்பம் மலாக்கா காஜா பெராங் வட்டாரத்திலேயே கிடையாது. கிணற்றடி ஈரத்தில் அது பாட்டுக்குப் படர்ந்து கிடக்கும். காலையில் துவையல், மத்தியானம் பச்சையாக மிளகாய்ச் சம்பாலோடு, பரீட்சை வந்தால் எங்களுக்கு வெறும் வயிற்றில் சாறு. மூளைக்கு அவ்வளவு நல்லது என்பாள் அம்மா. என் மதிப்பெண்களைப் பார்த்த பிறகும் அந்த நம்பிக்கை அவளுக்குக் குறையவில்லை.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிற வருடம். ஊரே அதே பேச்சாக இருந்தது. நான் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வீட்டோடு இருந்தேன். அன்று காலை துவையல் அரைக்க அம்மியடியில் உட்கார்ந்த அம்மா, குழவியைப் பிடித்தபடியே வலது பக்கமாகச் சாய்ந்தாள். ஓடிப்போய்த் தூக்கினால் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. என்னைப் பார்த்து என்னவோ சொல்ல வந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அத்தைக்கு எல்லாம் ஓடியது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா, எங்களோடு இருந்தவர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். நான் வாசலுக்கு ஓடி அப்பாவைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு வருவதற்குள், ஒரு பிடி வல்லாரையைக் கசக்கிப் பிழிந்து டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"மூளையிலதான் அடி பட்டிருக்கு. இது உள்ள போனா எழுந்து உக்காந்துடுவா பாரு. வாயத் திற கண்ணு."

பாதிச் சாறு கன்னத்தில் வழிந்தது. மீதி எங்கே போனது என்று அடுத்த நிமிடம் தெரிந்தது. அம்மாவுக்குப் புரையேறி, மூச்சு அடைத்து, முகம் நீலம் பாரித்துவிட்டது. அத்தை அப்போதும் நிறுத்தவில்லை. நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். டம்ளர் சுவரில் போய் விழுந்தது. "கைய நீட்டுறியாடி?" என்று அவர் கத்த, நான் அம்மாவைப் பக்கவாட்டில் புரட்டி முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். மூச்சு வந்தது.

இப்போது வல்லாரையில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது என்கிறார்கள். ரத்தம் கிடைக்காமல் தவித்த மூளை மேலும் கெடாமல் அது காக்குமா என்று ஆராய்கிறார்களாம். அத்தை உயிரோடு இருந்திருந்தால் "நான் அப்பவே சொல்லல?" என்று ஆடித் தீர்த்திருப்பார். இருக்கட்டும் அத்தை. விழுங்க முடியாதவள் தொண்டையில் ஊற்றினால் அது மூளைக்கா போகும், நுரையீரலுக்குப் போகும்!

ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதையேதான் சொன்னார். விழுங்க வரும்வரை வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. பேச்சு வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். அம்மா பேசாமல் போய்விடுவாளோ என்ற பயத்தைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது.

அத்தை அடங்குகிற ஆளா? ஒரு வாரம் கழித்து, நோயாளிகளைப் பார்க்கிற நேரத்தில், முந்தானைக்குள்ளிருந்து வல்லாரைச் சாறு நிரப்பிய ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். நான் பாய்ந்து தடுப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"தாக் மாவு!"

வேண்டாம் என்று மலாயில். குழறல்தான், ஆனால் பேச்சு. அப்பா அழுதுவிட்டார். நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு "அம்மா, இன்னொரு தடவ பேசும்மா" என்றேன். அவள் என் வாயையே பார்த்தாள். நான் பேசியதில் ஒரு சொல்கூட அவளுக்கு எட்டவில்லை.

அம்மா மலாக்காச் சிட்டி வீட்டுப் பெண். சிட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வியாபாரிகளின் வம்சம். சாமி கும்பிடுவதில் நம்மைப் போல்தான், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். கல்யாணமாகி வந்த பிறகு அத்தைதான் அவளுக்குத் தமிழ் பழக்கினார். மலாயில் ஏதாவது கேட்டால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவாராம். எங்களைக் கொஞ்சியது, திட்டியது, தூங்க வைத்தது எல்லாம் அந்தத் தமிழில்தான். அதைத் துடைத்து எடுத்தாற்போல் வியாதி கொண்டுபோய்விட்டது. இப்படியும் நடக்குமா என்று எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! நடக்கும் என்று டாக்டர் சொன்னார். அத்தை போத்தலைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, மீன்காரனிடம் பேசுகிற மலாயில் "சாக்கிட்? சாக்கிட்?", வலிக்கிறதா என்று கேட்டபடி அவள் காலைப் பிடித்துவிட்டார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

விழுங்கத் தொடங்கியதும் கெட்டியாகக் கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள். நான்தான் ஊட்டினேன். முதல் நாள் புரையேறாமல் அத்தனையும் உள்ளே போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயைத் துடைத்துவிட்டேன். அம்மா தன் இடது கையால் என் கையைத் தொட்டாள்.

"தெரிமா காசி, டிக்" என்றாள்.

நன்றி, தங்கச்சி. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிற பெண்ணிடம் சொல்வது. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. சோறு ஊட்டிய மகளுக்கு எந்தத் தாய் நன்றி சொல்வாள்?

"சாமா சாமா" என்றேன். முன்பின் தெரியாதவர்கள் நன்றி சொன்னால் அப்படித்தான் பதில் சொல்லவேண்டும். அம்மா மரியாதையாகச் சிரித்தாள்.