ஈரமாக்கிய பன்னிரண்டு வாங்குகள்

மொன்ட்ரியாலுக்குப் பக்கத்துக் கர்க்லாண்டில் மகன் வீட்டில் காலைத் தேநீரோடு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு கல்லூரியில் பழைய விளையாட்டரங்கைத் திருத்தும்போது, பார்வையாளர் படிகளுக்கு அடியிலேயே வகுப்பறைகளையும் கட்டப்போகிறார்களாம். புதுமையான யோசனை என்று எழுதியிருந்தது. புதுமையா? அப்படியான வகுப்பறைகளுக்கு மேலே நான் ஐந்து வருடம் தும்புத்தடியோடு நடந்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள். மட்டக்களப்பில் இருபத்திரண்டு வருடம் நில அளவையாளனாக இருந்த நான், மொன்ட்ரியாலில் ஒரு பல்கலைக்கழக விளையாட்டரங்கில் துப்புரவு வேலை செய்தேன். அங்கே புட்போல் என்றால் நம்முடையது அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவது. அரங்கைத் திருத்தியபோது, இடம் போதாமல் தவித்த பல்கலைக்கழகம் கிழக்குப் பக்கப் படிகளுக்கு அடியில் ஒன்பது வகுப்பறைகள் கட்டியது. புதுச் சீமெந்து மணமும் மேலேயிருந்து இறங்கும் பொரித்த உருளைக்கிழங்கின் மணமும் கலந்த நடைபாதை அது. இப்போதும் யாராவது உருளைக்கிழங்கு பொரித்தால் எனக்குப் பிரெஞ்சு வினைச்சொற்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஏனென்றால், அங்கேதான் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்குப் பிரெஞ்சு வகுப்பு. என் மனைவி ரஞ்சிதமும் படித்தாள். ஊரில் பாலர் பாடசாலை ஆசிரியை. இங்கே மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் குளிரறையில் கோழி இறைச்சி பொதி செய்துகொண்டிருந்தாள். வாய்மொழிப் பரீட்சையில் தேறினால் ஒரு கார்தெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை தவறிவிட்டாள். அடுத்த பரீட்சை விழுந்த சனிக்கிழமையே பெரிய மேட்ச். வகுப்புக்கு நாள் குறிப்பவரும் விளையாட்டுக்கு நாள் குறிப்பவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை போலும்.

நாம் கைதட்டுவோம். இவர்கள் காலால் தட்டுவார்கள். அலுமினியத் தரையில் ஆயிரக்கணக்கான சப்பாத்துகள். கீழே மேசை நடுங்கும். இந்த இடிக்குள் அவள் எப்படிக் கதைப்பாள் என்று நான்கு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள் ஒரு யோசனை வந்தது. எட்டு வைத்து எண்ணினேன்: கீழே வாசலிலிருந்து அவளுடைய அறைக்கு நாற்பத்தாறு கவடு. மேட்ச் நாள் காலை, மேலேயும் நாற்பத்தாறு கவடு நடந்து, அவ்விடத்தில் சனம் இருக்கும் நீள வாங்குகள் பன்னிரண்டின் மேலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். அந்தக் குளிரில் நனைந்த வாங்கில் யார் இருப்பார்?

கூட வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பாலா கண்டுவிட்டான்.

"அண்ணை, உதென்ன, வாங்குக்கு முழுக்கு வாக்கிறியளோ?"

"ஊத்தை பிடிச்சிருக்கு."

"பேந்து பொஸ் கண்டாரெண்டால் உங்களையும் சேர்த்துத் துடைச்சுப் போடுவார்!"

மேட்ச் தொடங்கியது. வந்தவர்கள் நனைந்த வாங்குகளைக் கண்டு முகம் சுளித்து, அப்பால் போய் நெருக்கி உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. முதல் புள்ளி விழுந்ததும் அந்த நெருக்கம் முழுவதும் எழுந்து குதித்தது. அவள் நிம்மதியாக இருப்பதைப் பார்க்கலாம் என்று கீழே இறங்கினேன்.

நனைந்த வாங்குகளுக்கு அடியில் இருந்தது கழிப்பறை.

கீழே நான் எண்ணியது தெற்கு வாசலிலிருந்து. மேலே எண்ணியது, பழக்க தோஷத்தில், என் வாளி இருக்கும் வடக்கு வாசலிலிருந்து. விரட்டிய சனத்தை எல்லாம் என் கையாலேயே ரஞ்சிதத்தின் தலைக்கு மேல் கொண்டுபோய் இருத்தியிருந்தேன். இருபத்திரண்டு வருட நில அளவையாளன்!

ஓடிப்போய்க் கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். பரீட்சகர் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தார். ரஞ்சிதம் எழுந்து நின்று, கைகளை விரித்து, பிரெஞ்சில் முழங்கிக்கொண்டிருந்தாள். மேலே சத்தம் கூடக் கூட அவள் குரலும் ஏறியது. பரீட்சகர் மெல்லக் கைகளை எடுத்தார். பிறகு தலையை ஆட்டிச் சிரித்தார்.

தேறிவிட்டாள். மெத்ரோவில் ஏறியதும், "அந்தச் சத்தத்துக்குள்ள எப்பிடிக் கதைச்சாய்?" என்று கேட்டேன்.

"நாப்பது புள்ளையளுக்கு நடுவில கதைச்சவள் நான். இதெல்லாம் ஒரு சத்தமா?"

வாளிக் கதையைச் சொன்னேன். "அப்ப, கக்கூசுக்கா காவல் இருந்தீங்க?" என்று தொடங்கியவள்தான், சிரிப்பை நிறுத்தவே இல்லை.

அடுத்த கோடையில் அந்த அறைகளின் கூரைக்குச் சத்தம் புகாத பலகை அடித்தார்கள். பாலா டொரொண்டோவுக்குப் போனான். கார்தெரியில் பதினொரு வருடம் வேலை செய்த ரஞ்சிதமும் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது.

அன்று நாங்கள் இறங்கும் வரைக்கும் ஒன்பது நிலையங்கள். ஒன்பதும் கடக்கும்வரை சிரித்தாள். "எல்லாரும் பாக்கிறாங்க, மெதுவாச் சிரி" என்று நான் மூன்று தடவை சொன்னேன். ஒரு தடவைகூடச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.