துண்டு போட்டு வந்த வான்கோழி

வான்கோழி வாங்கித் தருகிறேன் என்று வாயை விட்டது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா மதில் ஓரமாக நின்று, "முழு வான்கோழி எங்க கிடைக்கும்னே தெரியலியே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் என் வேலையைப் பார்த்திருக்கலாம். என்னால் முடியுமா? "ஏன்க்கா, வடக்குத்துல எங்க சித்தப்பா வளக்கறாரே. நான் ஒரு போன் போட்டா வூடு தேடி வந்துடும்" என்றேன். பிறந்த ஊரான வடக்குத்து நெய்வேலி டவுன்ஷிப்புக்கு அடுத்தாற்போல் இருக்கிறது என்பதில் எனக்கு எப்போதும் கொஞ்சம் திமிர் உண்டு.

அக்காவும் நானும் இருபத்திரண்டு வருடமாக அடுத்தடுத்த வீடு. அவர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவர் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் மைன்ஸில் வேலை. பொங்கலுக்கு என் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் மதிலைத் தாண்டிப் போகும், கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக்கும் மட்டன் பிரியாணியும் வரும். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் வான்கோழி என்ற பேச்சையே நான் கேட்டதில்லை.

"என்னக்கா திடீர்னு?" என்று கேட்டேன்.

"மருமவ வாரா" என்றார்.

எனக்கு ஈரத்துணி கையிலேயே நின்றுவிட்டது. மருமகள் என்ற வார்த்தை அக்கா வாயிலிருந்து வர இரண்டு வருடம் ஆகியிருந்தது. கோபம் வந்தாலோ மனசு கலங்கினாலோதான் அவருக்கு இப்படித் திருநெல்வேலிப் பேச்சு வரும். மற்ற நேரமெல்லாம் எங்கள் எல்லோரையும் போல டவுன்ஷிப் தமிழ்தான்.

அக்காவின் ஒரே மகன் சென்னையில் தன்னோடு வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். பெரம்பூரில் ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அவர்களும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள், இவர்களும் கோயிலுக்குப் போகிறவர்கள், அப்புறம் என்ன என்று எனக்குத் தோன்றியது. அக்கா ஒரே பிடியாக, "நம்ம ஆளுக இல்ல" என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் அப்பா பத்திரிகையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி நெய்வேலிக்கே வந்தார். அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் அக்கா வீடு திரும்பவில்லை. அந்த மனிதர் என் வீட்டு ஹாலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலிலும் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். டீயைக் குடித்துவிட்டு, "பரவால்லம்மா, டீச்சருக்கு ஏதோ வேலை இருக்கும்" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். பத்திரிகையையும் ஒரு கேக் பெட்டியையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பத்திரிகையைக் கொடுக்கும்போது அக்காவிடம் நேராகவே கேட்டேன், "ஒரு வாய்த் தண்ணி குடுக்கக் கூடவாக்கா உங்களுக்கு மனசு வரல?" என்று. ஒரு மாதம் எங்களுக்குள் பேச்சில்லை. கல்யாணத்துக்கும் அவர் போகவில்லை.

இந்த வருடம் ஆடியில் அந்த அப்பா இறந்துபோனார். அக்கா அதற்கும் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன் என்றார். அதற்கப்புறம்தான் மனுஷி ஆடிப்போனார். சாப்பாடு இறங்கவில்லை, பள்ளிக்கூடத்துப் பேப்பர்களைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகனுக்குத் தானாகவே போன் போட்டு, கிறிஸ்துமஸுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா என்று சொன்னார். அந்தப் பெண்ணின் வீட்டில் வருடா வருடம் அப்பாதான் முழு வான்கோழியில் வெண்ணெயும் மூலிகையும் தடவிச் சுட்டு, மேசை நடுவில் வைப்பாராம். அவர் கைப்பட எழுதி வைத்திருந்த செய்முறையை மகன் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான்.

"எனக்கு மன்னிப்புக் கேக்க வாய் வராதுட்டி" என்றார் அக்கா. "அவ அப்பா வச்ச மாதிரியே முழுசா கொண்டாந்து வச்சிருதேன். பாத்தா அவளுக்குப் புரிஞ்சிரும்."

புரியும் என்றுதான் நானும் நம்பினேன். வெட்டாமல் வாங்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும், "தெரியும்க்கா, நான் இன்னா சின்னப் புள்ளையா?" என்றேன்.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். நல்ல பறவையாக வேண்டும், ஆறு கிலோவுக்குக் குறையக் கூடாது, டீச்சர் வீட்டுக்குப் போகிறது, என் மானத்தை வாங்கிவிடாதீர்கள், சுத்தம் பண்ணி வையுங்கள், இவர் ஷிஃப்ட் முடிந்து வந்து எடுத்துக்கொள்வார் என்று எல்லாம் சொன்னேன். அவர் மகனுக்குக் கான்ட்ராக்ட் வேலை பர்மனென்ட் ஆகுமா ஆகாதா என்பது வரை பேசி முடித்தேன். வெட்டாதீர்கள் என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கோடு வந்தார். தூக்கைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. முழுப் பறவை தூக்கில் எப்படி அடங்கும்? மூடியைத் திறந்தேன். தீயில் வாட்டி, மஞ்சள் தடவி, அருமையான கறி. எல்லாம் குழம்புக்குப் போடுகிற அளவுக்குத் துண்டு துண்டாக இருந்தது. ஈரல் தனியாக வாழையிலையில் கட்டியிருந்தது.

உடனே சித்தப்பாவைப் பிடித்தேன். "இன்னா சித்தப்பா இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏம்மா, துண்டு பெருசா பூட்ச்சா? சின்னதாத்தான் போடச் சொன்னேன்."

"போட்டதே தப்பு! எனக்கு முழுசா வேணும்!"

"முழுசாவா?" அவர் பதறிவிட்டார். "பொறந்த வூட்டுப் பொண்ணு கறி கேட்டு, கோழிய அப்படியே தூக்கிக் குடுத்தா ஊருல காறித் துப்ப மாட்டானுங்களா? உனுக்கு சிரமம் வேணாம்னு உங்க சித்தி காலையிலேர்ந்து குந்திகினு அரிஞ்சுகினு இருந்தாம்மா."

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கறி அனுப்பினால், அடுப்பில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி என்கிற மாதிரிதான் அனுப்புவார்கள். அதுதான் மரியாதை. சித்தப்பா மரியாதை செய்திருக்கிறார். புத்தி கெட்டவள் நான்தான்.

வேறு வான்கோழிக்கு அலைந்து பார்த்தேன். சேத்தியாத்தோப்பில் ஒருவரிடம் இருக்கும் என்றார்கள். போன் செய்தால், "கடைசி ஜோடி காலையிலதாங்க போச்சு" என்றார். வடலூர்ப் பக்கம் ஒருவரைப் பிடித்தோம், அவரிடம் இருந்தது குஞ்சுகள். என் வீட்டுக்காரர் தூக்கைப் பார்த்து, "தட்டுல கால் இருக்க வேண்டிய எடத்துல கால், நெஞ்சு இருக்க வேண்டிய எடத்துல நெஞ்சுன்னு அடுக்கிட்டா தெரியாதுடி" என்றார். கேவலம், அதையும் செய்து பார்த்தேன். போஸ்ட்மார்ட்டம் முடிந்த உடம்பு மாதிரி இருந்தது. அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

தூக்கை எடுத்துக்கொண்டு போய் அக்கா முன்னால் வைத்தேன். "என்னைச் செருப்பால அடிங்கக்கா" என்றேன். அவர் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "இனி நான் என்னத்தக் காட்டுவேன் அவகிட்ட?" என்றார். அதைக் கேட்க என்னால் முடியவில்லை. குழம்பு வைத்துவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம். அவர் எழுதினபடியே செய்வோம், துண்டா இருந்தா இருக்கட்டும்" என்று எழுந்தார்.

போனில் அந்தத் தாளைப் பெரிதாக்கி அவர் படிக்கப் படிக்க நான் செய்தேன். வெண்ணெய், பூண்டு, மிளகு, எலுமிச்சைத் தோல். ஆன்லைனில் வாங்கிய குட்டிக் குட்டி பாட்டில்களில் ரோஸ்மேரி, தைம் என்ற மூலிகைகள் காய்ந்த சருகாக இருந்தன. தாளில் எழுதியிருந்த இன்னொரு இலை எங்கேயும் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக என் வேலியோரம் இருந்த கற்பூரவல்லியைக் கிள்ளிக்கொண்டு வந்தேன். அக்கா முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இவ்வளவு கறிக்கு ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் கூட இல்லையா என்று என் கை பரபரத்தது. இரண்டு தடவை டப்பாவைத் தொட்டேன். இரண்டு தடவையும் கையில் ஓர் அடி விழுந்தது.

எங்கள் குவார்ட்டர்ஸ் எதிலும் அவ்வளவு பெரிய ஓவன் கிடையாது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவைக் கலந்து பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குவதுதான் இங்கே வழக்கம். கறியைக் கொண்டுபோனால் பேக்கரிக்காரர் இரண்டு கையையும் விரித்தார். "அய்யோ, நாளைக்கு என் பன்னெல்லாம் கவுச்சி அடிக்கும்க்கா. டவுன்ஷிப்பே என்னைத் தொரத்தும்." விஷயத்தைச் சொன்னேன், கொஞ்சம் கண்ணீரும் விட்டேன். பொய்க் கண்ணீர் இல்லை. கிறிஸ்துமஸ் காலையில் கடைசிச் சுற்று ரொட்டி எடுத்ததும் தருகிறேன், ஓவனை நீங்களே கழுவித் தர வேண்டும் என்றார். அப்படியே செய்தோம். அக்கா குடும்பம் காலையில் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் நான் பேக்கரிக்குள் வேர்த்து வழிய நின்று, தட்டைத் திருப்பித் திருப்பி வைத்து, வெண்ணெய் வடிய வடியச் சுட்டு, பிறகு சோடா உப்புப் போட்டு ஓவனைத் தேய்த்தேன்.

மதியம் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அக்கா, அவர் வீட்டுக்காரர், மகன், நானும் என் வீட்டுக்காரரும், அப்போதுதான் சென்னையிலிருந்து மகனோடு வந்து இறங்கிய அந்தப் பெண். ஒல்லியாக, அப்பாவின் ஜாடையில் இருந்தாள். அக்காவை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட்டாள். யாரும் அவளை அத்தை என்று கூப்பிடச் சொல்லவில்லையே. தட்டை நான்தான் கொண்டுபோய் நடுவில் வைத்து, மேலே மூடியிருந்த ஃபாயில் தாளை எடுத்தேன். வாசனை வந்ததும் அவள் தலை நிமிர்ந்தது. தட்டைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

"முழுசாத்தான் வச்சிருக்கணும்மா" என்று நான் ஆரம்பித்தேன். "எல்லாம் என் தப்பு, எங்க சித்தப்பா..."

"நீ சும்மா இரிட்டி" என்றார் அக்கா. எழுந்து நின்றுகொண்டார், வகுப்பில் நிற்கிற மாதிரி. கை மட்டும் நாற்காலியைப் பிடித்திருந்தது. "ஒங்க அப்பா எழுதினத வச்சுத்தான் செஞ்சேன். முழுசா வச்சா ஒனக்கே புரிஞ்சிரும், நான் வாயத் தொறக்க வேண்டாம்னு நெனச்சேன். அது நடக்கல. அதனால சொல்லுதேன். ஒங்க அப்பா என் வாசலுக்கு வந்தாக. நான் வேணும்னேதான் வீட்டுக்கு வரல. தப்புப் பண்ணிட்டேன்."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெண் அழவில்லை. குரலும் உயரவில்லை.

"அப்பா திரும்பி வந்து, டீச்சருக்கு வேலை இருந்துதுன்னுதான் சொன்னாரு ஆன்ட்டி. இப்பதான் எனக்கே தெரியுது" என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா இன்னிக்கு வீட்ல தனியா இருக்காங்க. அப்பா இல்லாத முதல் கிறிஸ்துமஸ். அவங்களையும் கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

எங்களுக்கு அது தோன்றவே இல்லை. வான்கோழிக்காக மூன்று ஊருக்குப் போன் போட்ட எனக்கும்தான் தோன்றவில்லை. அக்கா கையை நீட்டி, "போன் போட்டுக் குடு" என்றார்.

அவள் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மேசைமேல் வைத்தாள். மணி அடித்தது. "சொல்லும்மா, போய்ச் சேந்துட்டீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா போன் பக்கம் குனிந்தார்.

"சம்பந்தியம்மா" என்றார். "நான் நெய்வேலியில இருந்து பேசுதேன்."

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"சாப்டீங்களா, சம்பந்தியம்மா?" என்று அந்தக் குரல் கேட்டது.