டிக்னாவின் மகனுக்குத் தங்கத் தளிர்

டிக்னா கொரோசோ எதற்கும் லேசில் பயப்படுகிற பெண் அல்ல. சான் லொரென்சோ துறையிலிருந்து படகில் இரண்டு மணி நேரம் போனால் வருகிற தீவில் பிறந்தவள். பன்னிரண்டு வயதிலிருந்து அலையாத்திக் காட்டுச் சேற்றில் இறங்கி, வேர்களுக்கு நடுவே தோள்வரை கையை விட்டுக் கறுப்புச் சிப்பி பொறுக்குகிறாள். சிப்பி இருக்கிற குழியில்தான் முள்மீனும் படுத்திருக்கும். அது குத்தினால் மூன்று நாள் ஆளை உலுக்கி எடுத்துவிடும். நான்கு முறை குத்து வாங்கியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அந்த மீனின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்துவிட்டு அடுத்த வாரமே படகில் ஏறிவிட்டாள். புருஷன் வேறொருத்தியோடு கொலம்பியா பக்கம் போனபோதுகூட, "கழுவுறதுக்கு ஒரு தட்டு குறைஞ்சுது" என்று சொன்னாளே தவிர அழவில்லை. அப்பேர்ப்பட்டவளை ஐந்து வருடமாக ஒரே ஒரு காகிதம் தூங்கவிடாமல் அடித்தது.

அது ஒரு பிறப்புச் சான்றிதழ். அதில் யாண்ட்ரி என்று பெயர் இருந்தது. ஆனால் அந்தக் காகிதத்தோடு திரிந்த மகன் யாண்ட்ரி இல்லை.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பிறந்ததை யாரும் பதிவு செய்யவில்லை. பதிவு அலுவலகத்துக்குப் போக ஒரு நாள் சிப்பிக் காசு போகும், போனாலும் நாளைக்கு வா என்பார்கள், தீவில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். இளையவன் மட்டும் வயிற்றில் குறுக்கே கிடந்ததால் ஆஸ்பத்திரியில் பிறந்தான். நர்ஸே எழுதிப் பதிந்து கையில் காகிதத்தைக் கொடுத்தாள். இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். சின்னக் குழந்தை இறந்தால் அங்கே அழமாட்டார்கள், அது நேரே தேவதையாகிவிடுகிறது என்று பறையடித்துப் பாடி விளையாடி அனுப்புவார்கள். டிக்னாவும் தொண்டை கட்டும்வரை பாடினாள். தேவதையான பிள்ளையைச் செத்துப்போனான் என்று எழுதிக்கொடுக்க அவள் எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை.

மூத்தவனைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. வாத்தியார் சான்றிதழ் கேட்டார். தகரப் பெட்டியில் ஒரே ஒரு சான்றிதழ்தான் இருந்தது, அதைக் கொடுத்தாள். ஒன்பது வயதுக்காரன் காகிதத்தில் ஆறு வயதுக்காரன் ஆனான். இது தப்பு என்று தீவில் யாருக்கும் தோன்றவில்லை. அங்கே யாரையும் காகிதத்துப் பெயரால் கூப்பிடுகிற வழக்கமே கிடையாது. ஒல்லியாக நீளமாக இருந்ததால் அவன் எல்லோருக்கும் டோயோ, அதாவது குட்டிச் சுறா.

டோயோ பந்தைத் தொட்டால் பந்து அவனை விட்டுப் போகாது. குவாயாகில் நகரத்துக் கால்பந்துக் கிளப் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, பையனையும் காகிதத்தையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கு மறுவருடம் பக்கத்துத் தீவுப் பையன் ஒருவன் அண்ணன் தம்பி காகிதம் மாறியதில் மாட்டிக்கொண்டான். இரண்டு வருடம் ஆடக்கூடாது என்றார்கள், பத்திரிகையில் அவனைத் திருடன் என்று எழுதினார்கள், இப்போது துறையில் வாழைத்தார் ஏற்றுகிறான். அன்றிலிருந்து போன் அடித்தாலே, டோயோவும் மாட்டிக்கொண்டான் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று டிக்னா நினைப்பாள்.

டிசம்பரில் ஒரு காலை டோயோவே கூப்பிட்டான்.

"அம்மா, தங்கத் தளிர் பட்டியல்ல என் பேரு இருக்கு. கடைசி மூணு பேர்ல நான் ஒருத்தன்."

தங்கத் தளிர் என்பது பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள ஆட்டக்காரர்களில் அந்த வருடத்தின் சிறந்தவனுக்குக் கொடுக்கிற பரிசு. ஜெயித்தவனின் சட்டையில் தங்க இலையைக் குத்திவிடுவது அவனுடைய தாய்தான். டிக்னாவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததுதான் கஷ்டம்.

"வேணான்னு சொல்லிடேன்டா."

"வேணான்னு சொன்னாத்தான் சந்தேகம் வரும். ஐரோப்பா கிளப்புலேருந்து ஆளெடுக்க வராங்கம்மா."

"உனக்கு இருபது வயசுடா. மீசையைப் பாத்தாலே தெரியுமே."

"அதைத்தான் காலைலயும் சாயங்காலமும் வழிக்கிறேன். நீ வந்து இலையைக் குத்து, சிரி, வாயை மட்டும் தொறக்காதே. யாராவது கேட்டா தேதி என்ன?"

"மார்ச் பதினொண்ணு."

"வருஷம்?"

"ரெண்டாயிரத்து ஒண்ணு."

பஸ்ஸில் போன பத்து மணி நேரமும் அதையே ஜெபமாலை மாதிரி உருட்டினாள். மார்ச் பதினொன்று, இரண்டாயிரத்து ஒன்று. அது செத்துப்போன பிள்ளையின் பிறந்தநாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்தச் சின்ன முகம் வந்து நின்றது, அவனிடமிருந்து திருடுகிற மாதிரி இருந்தது. பயத்தோடு இந்த வலியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு குவாயாகிலில் இறங்கினாள்.

ஹோட்டல் கூடத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. வாசலில் நின்ற பெண் ஒருத்தி பெயர்ப்பட்டியலைப் பார்த்து, "யாண்ட்ரியோட அம்மாவா?" என்றாள். டிக்னா ஒரு நொடி தாமதித்துத்தான் தலையாட்டினாள். அந்த ஒரு நொடியையே அந்தப் பெண் கவனித்திருப்பாளோ என்று உள்ளே போய் உட்காரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கோட்டு போட்ட ஆள் ஒவ்வொருவனும் கால்பந்துச் சங்கத்து அதிகாரி மாதிரியே தெரிந்தான். ஒருவன் கையில் காகிதக்கட்டோடு அவளை நோக்கி வந்தான். இதோ முடிந்தது என்று நினைத்தாள். அவன் நிகழ்ச்சி நிரலைக் கொடுத்துவிட்டுப் போனான்.

மூன்று தாய்மார்களுக்கும் முன்வரிசையில் நாற்காலி. பையன்கள் மேடைக்குப் பக்கத்தில் நின்றார்கள். டிக்னாவுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் லூசிலா சலா. மலைப்பக்கம் சோட்டா பள்ளத்தாக்கில் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்கிறவள். டிக்னாவைப் போலவே கறுப்பு, டிக்னாவைப் போலவே இரவல் செருப்பு. அவளைப் பார்த்ததும்தான் டிக்னாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"செருப்பு கடிக்குதா அக்கா?" என்றாள் லூசிலா.

"கடிக்குதா? பாதி காலைத் தின்னுடுச்சு."

"எனக்கும்தான். கழட்டி நாற்காலிக்கு அடியில தள்ளிடுங்க. யாரு பாக்கப்போறா."

இருவரும் கழற்றினார்கள். லூசிலா மேடைப்பக்கம் காட்டினாள். "அந்தக் குட்டையா நிக்கிறானே, அது என் கிளேபர். பரிசு உங்க பையனுக்குத்தான், எல்லாருக்கும் தெரியும். இவன்தான் மனசு விட்டுட்டான். போன வாரம் இறுதி ஆட்டத்துல உங்க பையன்கிட்ட தோத்தான் பாருங்க, அதுலேருந்து சரியாச் சாப்பிடல. பூட்ஸைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டான். அவனுக்கும் பதினேழு, எனக்கும் பதினேழு, நான் ஏம்மா அவன் பக்கத்துலகூட ஓட முடியலன்னு கேக்கறான். நான் லாயக்கில்லேங்கறான்."

டிக்னாவுக்கு முகம் சுட்டது. இப்படி ஒன்றை அவள் யோசித்ததே இல்லை. காகிதத்தால் தன் மகனுக்கு என்ன ஆகும் என்று மட்டும்தான் இத்தனை நாள் பயந்திருந்தாள்.

"அப்படியெல்லாம் இல்ல. நல்ல பையன் அவன்" என்று முணுமுணுத்தாள்.

"உங்க பையன் எப்படி இப்படி வளந்தான்? பொறக்கும்போதே பெருசா?"

நாள் முழுக்கத் தேதிக்காகக் காத்திருந்தவளிடம் யாருமே தேதி கேட்கவில்லை. இது தாய்க்குத் தாய் கேட்கிற கேள்வி. தீவுப் பெண்கள் பிரசவத்தைத் தேதி வைத்துச் சொல்வதே இல்லை, வெள்ளத்தையும் ஓதத்தையும் வைத்துத்தான் சொல்வார்கள். இந்தப் பெண்ணின் மனதைத் தேற்ற வேண்டும் என்ற அவசரம் வேறு. டிக்னாவின் வாய் தானாகத் திறந்தது.

"பெருசா? படகே சாஞ்சுடுச்சு. எல் நினோ வெள்ளம் வந்த வருஷம் இல்லையா, மழைன்னா மழை, பாலத்தையே அடிச்சுட்டுப் போச்சே. துறைக்குப் போற வழியில நடு ஆத்துல பொறந்தான். மருத்துவச்சி ஒரு கையால தண்ணிய எறைக்கிறா, ஒரு கையால இவனைப் புடிக்கிறா."

லூசிலா சிரித்தாள். "அந்த வருஷத்தை மறக்க முடியுமா? ரோடு அறுந்துபோய் என் வீட்டுக்காரர் ஒரு மாசம் கடலோரத்துலயே மாட்டிக்கிட்டார். என் மூத்தவ அப்பத்தான் பொறந்தா. இப்ப அவளுக்கு..."

அதோடு நிறுத்தினாள். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, கண்கள் மட்டும் கணக்குப் போட்டன. டிக்னா ஐந்து வருடமாகப் பயந்தது இந்தக் கணத்துக்குத்தான், அதை அவளே தன் வாயால் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

மேடையில் யாண்ட்ரி என்று பெயரை வாசித்தார்கள். கைதட்டல் எழுந்தது. டிக்னா எழுந்திருக்கப் போனாள். லூசிலாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"இருபதா அக்கா?"

பொய் சொல்ல நினைத்தாள். வரவில்லை. "இருபது."

"அப்ப யாண்ட்ரி யாரு?"

"என் சின்னவன். ரெண்டு வயசுல போயிட்டான்." பதினைந்து வருடத்தில் இதை அவள் வெளியாளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

லூசிலா கையை விட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் டிக்னாவை இன்னும் பயமுறுத்தியது. "நான் அதிகாரிங்ககிட்ட போகமாட்டேன். என் புள்ளைகிட்ட மட்டும் சொல்வேன். அவன் தோத்தது முழு ஆம்பளைகிட்டன்னு அவனுக்குத் தெரியணும். நீங்களா இருந்தா சொல்லாம இருப்பீங்களா?"

டிக்னாவாக இருந்தாலும் தன் பிள்ளையிடம் சொல்லியிருப்பாள். சொல்லாதே என்று கெஞ்ச வாய் வரவில்லை. செருப்பைத் தேடக்கூடத் தோன்றாமல் வெறுங்காலோடு மேடைப்படி ஏறினாள்.

டோயோ குனிந்து நின்றான். இலையின் ஊசி அவள் விரலில் நழுவி நழுவிப் போனது. "சிரிம்மா, போட்டோ எடுக்கறாங்க" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் அவன் தோளுக்கு மேலாகக் கீழே பார்த்தாள். தோற்ற பையன்கள் இருவரும் முன்வரிசைக்குத் திரும்பியிருந்தார்கள். லூசிலா மகனின் கழுத்தில் கை போட்டு இழுத்து அவன் காதில் பேசிக்கொண்டிருந்தாள். கிளேபர் தலை குனிந்து கேட்டான். பிறகு நிமிர்ந்து மேடையைப் பார்த்தான். ஒரு வாரமாகச் சாப்பிடாத அந்த முகம் மெல்ல மலர்ந்தது. சிரித்தபடியே திரும்பி, பக்கத்திலிருந்த மூன்றாவது பையனின் தோளைத் தட்டி, அவன் காதருகே வாயைக் கொண்டுபோனான்.